மழையைப் பாட்டிலில் அடைத்தவர்

ஓவியர் அந்தக் கனவை மூன்றாம் முறையாகக் கண்டது ஒரு விடியற்காலையில். இருபது வருடத்துக்கு முன் தான் வரைந்த எலுமிச்சைத் தோப்புப் படத்துக்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறார். காலடியில் புல் ஈரமாக இருக்கிறது. இலைகளுக்கு நடுவே வெயில் விழும் இடமெல்லாம் அவர் வைத்த அதே மஞ்சள். காற்று வருகிறது, கிளை ஆடுகிறது, ஒரு பழம் உதிர்ந்து உருண்டு வந்து அவர் கால் விரலில் முட்டுகிறது. தூரத்தில் அவர் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். பழத்தை எடுத்து முகர்ந்து பார்க்கிறார். வாசனையே இல்லை. இலையைக் கசக்கிப் பார்க்கிறார், புல்லைப் பிடுங்கிப் பார்க்கிறார், எதிலும் இல்லை. "இங்க ஒண்ணுமே வரலைங்க," என்று அவள் திரும்பாமலே சொல்கிறாள். அத்தோடு விழிப்பு வந்துவிடும்.

முதல் முறை ஏதோ கனவு என்று விட்டுவிட்டார். இரண்டாம் முறை தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். மூன்றாம் முறை எழுந்து உட்கார்ந்து, முப்பத்துநாலு வருடமாக வரைந்து குவித்த எந்தப் படத்துக்கும் வாசனை கிடையாது என்று புதிதாகக் கண்டுபிடித்தவர் போல விக்கித்துப் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். கலைஞர்கள் இப்படித்தான், ஊருக்கே தெரிந்ததைக் கடைசியாகத் தெரிந்துகொள்வார்கள். ஆனால் தெரிந்துகொண்டபின் சும்மா இருக்க மாட்டார்கள்.

சும்மா இருக்க முடியாததற்குக் காரணமும் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து அவர் மனைவியை ஒரு வாரம் புரட்டிப் போட்டது. போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. வேறு யாராவது என்றால் இரண்டு மாதம் புலம்பிவிட்டு மறந்திருப்பார்கள். அவளோ ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவள். வராந்தாவில் நடந்து வரும்போதே, "மூணாவது மேஜைல கேஸ் சரியா மூடல," என்று சொல்லும் மூக்கு அது. சீட்டு கிழிந்துபோன பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையால் காற்றை லேசாக விசிறி, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லிவிடுவாள். ஆசிரியைகளே மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். அந்த மூக்கு போனதும் தலைமையாசிரியை அவளை நூலகத்துக்கு மாற்றினார். "புத்தகம் வெடிக்காது, பயமில்ல," என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்தவள் தோளில் மாட்டியிருந்த கைப்பையைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்க்கொண்டிருந்தாள். தட்டில் சாப்பாடு ஆறிப்போகும். "காகிதத்தை மெல்லுற மாதிரி இருக்கு," என்பாள். துணி மடிக்கும்போது தன்னையறியாமல் பாடுகிறவள், இப்போது வாயைத் திறப்பதில்லை. எதற்கெடுத்தாலும் திடுக்கிட்டாள். ஓவியர் பின்னால் வந்து நின்றால் போதும், கையில் இருப்பது கீழே விழும். நாலு கோப்பைகள் உடைந்தபிறகு, அறைக்குள் நுழையுமுன் தொண்டையைச் செருமிக்கொள்ள அவர் பழகிக்கொண்டார். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி செருமிக்கொண்டு நுழைவது அவருக்கு என்னவோ போலிருந்தது.

"நரம்பு தானா முளைச்சு வரணும். தினமும் எதையாவது மோந்து பாக்கச் சொல்லுங்க. வரலாம், வராமலும் போகலாம்," என்று டாக்டர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். மனைவி வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள், தான் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்று ஓவியருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஆகவே மூன்றாம் கனவு கண்ட அன்று, பாதி வரைந்திருந்த கேன்வாஸைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"இனிமே படம் கிடையாது. வாசனைதான் பண்ணப் போறேன்," என்றார்.

"பண்ணுங்க," என்றாள் மனைவி. "அதுக்காவது சட்டம் மாட்ட சுவத்துல ஆணி அடிக்க வேண்டாம்."

எட்டு மாதத்தில் அவள் செய்த முதல் கேலி அது. ஓவியருக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் கழித்துப் போட்ட சின்னப் பழுப்புப் பாட்டில்கள் ஏழும், ரப்பர் குமிழ் வைத்த டிராப்பர்கள் ஏழும் அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தன் வழக்கப்படி ஒவ்வொன்றையும் துணியால் உள்ளும் புறமும் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்து, ஜன்னல் திண்டில் வெயிலில் கவிழ்த்தார். சுத்தம் என்றால் அவருக்கு அப்படி ஒரு சுத்தம்.

பிறகு வந்த நாட்கள் நாட்களாகவே இல்லை. எலுமிச்சைத் தோலைச் சீவி எண்ணெயில் ஊறப் போட்டார். கிராம்பை இடித்தார். காப்பிக்கொட்டை, ரோஜா இதழ், துணி சோப்பின் சீவல், பழைய புத்தகத்தின் ஓரத்தாள் என்று ஒவ்வொன்றும் ஒரு பாட்டிலுக்குள் போனது. ஏழாவது பாட்டில் மழைக்கு. உடைந்த மண்சட்டித் துண்டுகளை மொட்டை மாடியில் பரப்பி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பதினோராம் நாள் மத்தியானம் நாலே நாலு தூறல் விழுந்தது. ஓடிப்போய்த் துண்டுகளை வாரி எண்ணெயில் போட்டு மூடினார். நனைந்த சட்டையோடு அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அதற்குள் மழை மெதுவாக இறங்கிக் கரைவதை உட்கார்ந்து பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணெயில் ஒன்றும் நடக்கவில்லை, அவருக்குள் நடந்தது.

பாட்டில்களில் அவர் பெயர் எழுதவில்லை. சீட்டு ஒட்டி, அதில் நிறம் பூசினார். எலுமிச்சைக்கு மஞ்சள். கிராம்புக்குக் கறுப்பை நெருங்கும் ஒரு சிவப்பு. மழைக்கு நீலம் பூசுவது கற்றுக்குட்டி வேலை என்று, வெளுத்த மண்நிறம் கீழே வரவர நனைந்து கறுப்பதைப் பூசினார். பாட்டிலைத் திறந்து மூக்கருகே வைப்பார், சீட்டைப் பார்ப்பார், உடனே எலுமிச்சை வரும். அப்படி ஒரு எலுமிச்சையைத் தான் வாழ்நாளில் முகர்ந்ததில்லை என்று அவருக்கே தோன்றும்.

தினமும் காலை, பள்ளிக்குக் கிளம்புமுன் மனைவி ஜன்னலோரம் உட்கார்வாள். அவர் ஒவ்வொரு பாட்டிலாக நீட்டுவார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பழைய பழக்கத்தில் உள்ளங்கையால் விசிறுவாள். மூன்று வாரம், "ஒண்ணுமில்லைங்க." நாலாம் வாரம் ஒரு நாள், மஞ்சள் சீட்டுப் பாட்டிலை முகர்ந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எலுமிச்சை! நல்லாத் தெரியுதுங்க."

ஓவியர் அந்த நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குதித்தார் என்றும் சொல்லலாம், ஐம்பத்தெட்டு வயதுக்காரரைப் பற்றி அப்படிச் சொல்ல வேண்டாமே என்று பார்க்கிறேன். அவள் சிரித்துவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் பாட்டிலை மூடப் போனபோதுதான் அது காய்ந்து கிடப்பது தெரிந்தது. நேற்று எண்ணெய் மாற்றுவதற்காகக் கழுவிக் கவிழ்த்த பாட்டில். நிரப்ப மறந்துவிட்டார். அவள் முகர்ந்தது சீட்டின் மஞ்சளைத்தான்.

அவர் அதை அவளிடம் சொல்லவில்லை. பொய் சொல்லும் அளவுக்கு அவள் தன்மேல் இரக்கப்பட்டிருக்கிறாள் என்பது வலித்தது. வாசனை போதவில்லை, அதுதான் கோளாறு என்று மனதைத் தேற்றிக்கொண்டு எல்லாவற்றையும் இரட்டிப்பாக ஊறப் போட்டார். யாராவது சரிபார்த்துச் சொன்னால் தேவலை என்று ஏழு பாட்டில்களையும் ஒரு தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுத் தையலம்மாவிடம் எடுத்துப்போனார். அந்த அம்மாவின் வாய்க்குப் பூட்டுக் கிடையாது, அதனாலேயே ஓவியர் அவரிடம் போனார்.

தையலம்மா மிஷினை நிறுத்திவிட்டு முதல் பாட்டிலைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதையும் மூடி வைத்துவிட்டு வாயில் இருந்த குண்டூசியை எடுத்தார்.

"ஓவியரே, கோவிச்சுக்காதீங்க. ஏழும் ஒரே வாசனைதான்."

"என்ன வாசனை?"

"டர்பன்டைன். நீங்க பிரஷ் கழுவுவீங்களே, அதேதான். மழையாவது கிராம்பாவது, பெயின்ட் கடைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு."

ஓவியர் தட்டிலிருந்த பாட்டில்களைப் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல, தன் கையில் எப்போதும் இருக்கும் அந்தத் துணி நினைவுக்கு வந்தது. பிரஷ், கத்தி, கண்ணாடி, கதவுக் கைப்பிடி, தன் விரல் என்று எதையும் டர்பன்டைனில் நனைத்துத் துடைக்காமல் அவர் கீழே வைத்ததில்லை. பாட்டில்களையும் டிராப்பர்களையும் அதே துணியால்தான் துடைத்தார். ரப்பர் குமிழ்கள் வயிறு முட்டக் குடித்து வைத்திருந்தன.

"எனக்கு ஏன் தெரியல?" என்றார்.

"உங்களுக்குத்தான் மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சே!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்க வீட்டம்மா சொல்லியிருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

சாயங்காலம் மனைவி வந்ததும் அவர் சொல்லிவிட்டார். தட்டையும் பாட்டில்களையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி நின்றுகொண்டே சொன்னார்.

"என் மூக்கு செத்தது உனக்கு எப்போலருந்து தெரியும்?"

"பன்னெண்டு வருஷம் இருக்கும். என் அண்ணன் பொண்ணு கல்யாணத்துல பிளாஸ்டிக் ரோஜாவை மோந்துட்டு, 'அடடா, என்ன மணம்'னு சொன்னீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? பூ வரைஞ்சா, 'வாசனை வருதா பாரு'ன்னு என்கிட்டதான வந்து நிப்பீங்க. உங்களுக்கு வருதுன்னு நெனச்சுட்டிருந்தீங்க. அதைப் போய் நான் பிடுங்கணுமா?"

"சரி, நீ ஏன் எலுமிச்சைன்னு சொன்னே? அது காலி பாட்டில்."

அவள் உட்கார்ந்தாள். கைப்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "பரீட்சை ரிசல்ட் பாக்க வந்த பிள்ளை மாதிரி நின்னீங்க. எனக்குப் பொறுக்கல," என்றாள். பிறகு, "விட்டுடலாங்க. ரெண்டு பேருக்கும் இல்லைன்னு ஆயிடுச்சு," என்றாள்.

ஓவியருக்கு அழுகை வந்தது. அழவும் செய்தார். அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது, இந்தச் செத்த மூக்குக்கு ஒழுகவாவது தெரிகிறதே என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது. அவள் என்னவென்று கேட்டாள். சொன்னார். அவளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்தபிறகு அவர் மஞ்சள் சீட்டுப் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"மோந்து சொல்ல வேண்டாம். ஞாபகத்துல இருந்து சொல்லு. எலுமிச்சை எப்படி இருக்கும்? எனக்கு நெஜமாவே மறந்துபோச்சு."

அவள் பாட்டிலை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் யோசித்தாள். "முதல்ல சுள்ளுன்னு ஒரு ஊசி. பல்லு கூசும். அதுக்குப் பின்னால, வெயில்ல காயப்போட்ட வெள்ளைத் துணி," என்றாள். ஓவியர் அந்த மஞ்சள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவள் சொன்னதைப் பூசினார். சீட்டு கிட்டத்தட்ட வெள்ளையாக வந்தது, ஓரத்தில் மட்டும் கூரான ஒரு பச்சை.

அன்றிலிருந்து காலைகள் மாறின. அவள் பாட்டிலை மூக்கில் வைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்வாள், அவர் கேட்டுக் கேட்டுப் பூசுவார். கிராம்பு என்பாள், அதிலிருந்து தன் அப்பாவின் பல்வலிக்குப் போவாள், அங்கிருந்து ஏதோ ஒரு பஸ் பயணத்துக்கு. ஏழாவது பாட்டிலுக்கு மட்டும் அவள் ஒவ்வொரு நாளும் வேறுவேறு மழையைச் சொன்னாள். பள்ளி மைதானத்து மழை, ரயில் ஜன்னல் மழை, பிரசவ ஆஸ்பத்திரிக்கு வெளியே பெய்த மழை. சிலநாள் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பாதி மழையில் எழுந்து ஓடுவாள். வரையும் அறைச் சுவரில் சீட்டுகள் ஐம்பதைத் தாண்டின. பார்க்க வந்த நண்பர் ஒருவர், "இதெல்லாம் என்ன?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரி," என்று சொல்லிவிட்டு ஓவியர் அடுத்த நிறத்தைக் குழைக்கப் போய்விட்டார்.

பள்ளிக்கு விடுமுறையான ஒரு நாள் மத்தியானம் அவர் பிரஷ்களைக் கழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். மனதில் அவள் காலையில் சொன்ன ரயில் மழை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. செருமிக்கொள்ள மறந்து உள்ளே வந்துவிட்டார். அவள் தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு, மிச்சமிருந்த கோப்பைகளில் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டடி தூரத்தில் வந்தபிறகுதான் அவருக்குச் செருமாதது நினைவுக்கு வந்தது. கோப்பை விழப்போகிறது என்று அப்படியே நின்றார்.

"கையைத் துடைக்காம உள்ள வராதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?" என்றாள், திரும்பாமல்.

கோப்பை விழவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டர்பன்டைன் ஈரம் காயாத தன் கைகளைப் பார்த்தார். அவள் கைகளும் கழுவுவதை நிறுத்தியிருந்தன.

"எப்படி இருக்கு?" என்றார் அவர். "சொல்லேன்."

"நாத்தம்," என்றாள். அவள் தோள்கள் குலுங்கின. "முப்பது வருஷமா அதே நாத்தம். வாசல்ல நீங்க செருப்பைக் கழட்டும்போதே எனக்குத் தெரியும். இந்த வருஷம்தான், நீங்க பக்கத்துல வந்து நின்னாலும் யாருமே வராத மாதிரி இருந்துச்சு."

கை துடைக்கும் துணி கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஓவியர் அதை எடுக்கவில்லை. ஈரக் கையோடே போய் அவள் பக்கத்தில் நின்றார்.