துணி அறையில் இருபது நிமிஷம்

புதன்கிழமை பதினொன்றேகால் மணிக்குச் சலவை ஆலையின் துணி அறையில் இருந்தவர்கள்: கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல், சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்த அவள். கதவைத் திறந்த வேகத்தில் "ஐயையோ" என்று கண்ணை மூடிக்கொண்ட தள்ளுவண்டிக்காரர். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மடிப்புப் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் நாற்பது கட்டு. மெக்கானிக் வெளியே இஸ்திரி உருளைக்கு அடியில் படுத்திருந்தார், ஆனால் அவர் காது மட்டும் உள்ளேதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

"விரிப்பு எடுக்க வந்தேன்மா. நான் ஒண்ணும் பாக்கல."

"பாக்காதவரு கதவைச் சாத்துங்க."

சாத்தினார். ஆனால் அந்தக் கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள் கிடையாது. போன வருஷம் யாரோ இரண்டு பேர் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, கட்டுகளின் மேல் மதியம் முழுக்கக் குறட்டை விட்டதில் நிர்வாகம் அதைக் கழற்றிவிட்டது. அதனால் தாய்ப்பால் எடுக்கிற பம்ப் ஓடுகிற இருபது நிமிஷமும் அவள் பார்வை பாட்டிலில் இருக்காது, கதவில்தான் இருக்கும். காலடிச் சத்தம் கேட்டால் தோள் ஏறிக்கொள்ளும். தோள் ஏறினால் பால் நின்றுவிடும்.

பாட்டிலில் முப்பது மில்லி. அவ்வளவுதான்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். முதல் வாரம் ஒரு தடவைக்கு நூற்றிருபது வந்தது. பிறகு தொண்ணூறு, அறுபது, இப்போது இது. சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் தின்றாள், தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாள். கழிப்பறைக்கு நடந்ததுதான் மிச்சம்.

பகலில் குழந்தையை வைத்துக்கொள்கிற நாத்தனார் ஞாயிற்றுக்கிழமையே நாள் குறித்துவிட்டாள். "நீயும் அழற, அவளும் அழறா, நடுவுல கிழியறது என் காது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். ஒரு தடவைக்கு நூறு வரலைன்னா அந்தச் சனியன் பிடிச்ச மெஷினைப் பரண்ல போட்டுட்டு முழுசா டப்பாப் பாலுக்கு மாறிடணும். சரியா?"

அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள். ஏன் இத்தனை அடம் என்று கேட்டால் அவளிடம் அழகான பதில் எதுவும் இல்லை. டப்பாப் பால் குடித்த பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்கிறார்கள், அவளே அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் பகல் முழுக்க ஊரார் படுத்தெழுந்த துணியோடு மல்லுக்கட்டுகிறவளுக்குத் தன் பிள்ளைக்கென்று செய்ய இது ஒன்றுதான் இருந்தது. அதுவும் நழுவிப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதம்மா," என்றது வெளியேயிருந்து மெக்கானிக்கின் குரல். எல்லோருக்கும் அவர் ஸ்பேனர் அண்ணன். "உள்ள ஓடுறது என்ன மோட்டாரு?"

"அண்ணே, உங்க வேலையைப் பாருங்க."

"அதைத்தாம்மா பாக்குறேன். மொத வாரம் டக்கு டக்குன்னு நல்லாக் கடிச்சு இழுத்துச்சு. இப்ப கிழவன் மூச்சு வாங்குற மாதிரி உஸ்ஸு உஸ்ஸுங்குது. எங்கயோ காத்து போகுது."

"மூணு வாரமா காதை இங்கயா வெச்சிருந்தீங்க?"

"காதுதாம்மா என் பொழப்பு. பெரிய வாஷர் இருமினாலே எனக்குச் சோறு இறங்காது. அதுல ரப்பர் ஏதாச்சும் இருக்கா, பாரு."

கோபமும் வெட்கமுமாகப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கழற்றிப் பார்த்தாள். பாட்டிலின் கழுத்துக்கு மேலே விரல்நுனி அளவுக்கு ஒரு ரப்பர் வால்வு. மூடிக்கொண்டிருக்க வேண்டிய அதன் உதடு சுருண்டு, மஞ்சளாகி, கொழகொழவென்று இருந்தது. கதவிடுக்கில் நீட்டினாள். கிரீஸ் கை ஒன்று வாங்கிக்கொண்டது.

"எதுல கழுவுற?"

அவள் பாட்டிலை மூடினாள்.

"எதுலம்மா?"

"ஆஸ்பத்திரித் துணி ஊறப் போடுற தண்ணியில. கொதிக்கக் கொதிக்க. அப்புறம் மூணு தடவை அலசிடுவேன்."

வெளியே இஸ்திரி உருளை அதிரும்படி ஒரு சிரிப்பு. "ரத்தக் கறையைத் தின்னுற ப்ளீச்சும்மா அது! இந்த ரப்பர் எம்மாத்திரம்? ஒலகத்துல எந்தத் தாயாச்சும் இப்படிச் செய்வாளா?"

வேறு எவளும் செய்திருக்க மாட்டாள்தான். ஆறு வருஷமாக அந்தத் தண்ணீரிலிருந்து வெளியே வந்தால்தான் சுத்தம் என்று பழகிய கை. வீட்டுச் சோப்பை அது நம்பவில்லை.

அன்று சாயங்காலம் செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டாள். "அண்ணி, அந்த மெஷின் வந்த டப்பா எங்க?"

"ஏன், இப்பவே மூட்டை கட்டப் போறியா?"

"சொல்லுங்க அண்ணி."

நாத்தனார் எதையும் தூக்கிப்போடுகிற ரகமில்லை. ஸ்டூலில் ஏறிப் பரணைக் குடைந்து டப்பாவை எடுத்தாள். அடியில் ஒரு சின்ன உறை, அதில் இரண்டு வால்வுகள் வெள்ளை வெளேரென்று. கூடவே ஒரு தாள். நாத்தனார் அதைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

"ப்ளீச்சுல போடக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. உனக்குக் கண்ணு எங்க போச்சு?"

"நீங்கதானே அன்னிக்கு டப்பாவைப் பிரிச்ச சூட்டோட மேல ஏத்துனீங்க?"

"ஓஹோ, பழி என் மேலயா!" என்றாலும் நாத்தனாரின் குரலில் வழக்கமான காரம் இல்லை. வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்தத் தக்குனூண்டு ரப்பருக்கா ரெண்டு வாரமா உன் உடம்பைக் குறை சொன்னேன்?" பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டே, "ஆனா வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமைதான்," என்றாள்.

வியாழக்கிழமை புது வால்வு நன்றாகவே கடித்து இழுத்தது. வந்தது நாற்பது. இரண்டு வாரமாக முழுசாக எடுக்காத பால். இவ்வளவு போதும்போல என்று உடம்பும் சுரப்பைக் குறைத்துக்கொண்டுவிட்டது. அடிக்கடி எடுத்தால் திரும்ப ஏறும் என்று குழந்தைக்கு ஊசி போட்ட நர்ஸ் சொல்லியிருந்தாள், நிம்மதியாக உட்கார்ந்து எடுக்க வேண்டும் என்றும். கதவு அன்று மூன்று தடவை திறந்தது. மூன்றாவது தடவை தள்ளுவண்டிக்காரரின் தலை தெரிந்ததும் கைக்கு அகப்பட்ட தலையணை உறைக் கட்டை அவர் மேல் வீசினாள்.

"ஏம்மா, விரிப்பு இல்லாம அங்க லாரி நிக்குது! நான் என்ன பண்றது?"

சத்தம் கேட்டு விசில் அக்கா வந்தாள். சூப்பர்வைசர். இயந்திர இரைச்சலில் குரல் எடுபடாது என்று கழுத்தில் விசிலோடு திரிகிறவள். தரையில் சிதறிய உறைகளையும், துண்டால் மார்பை மூடிக்கொண்டு நிற்கிற அவளையும், பாட்டிலையும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"கதவு திறந்துட்டே இருந்தா எப்படிக்கா வரும்? ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்க. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"உள்ள தாழ் போடக் கூடாதுன்னு ரூல். என் வேலை போயிடும்."

"அப்ப என் பால் போகட்டும். அப்படித்தானே?"

விசில் அக்கா குனிந்து உறைகளைப் பொறுக்கினாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். எப்படி வளர்த்தாள் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கே தள்ளுவண்டியில் மதியத்துக்கு வேண்டிய விரிப்புகள் ஏறியிருந்தன. கதவருகே விசில் அக்கா ஒரு கனமான பூட்டோடு நின்றாள்.

"உள்ள தாழ் போடக் கூடாதுன்னுதான் ரூல். வெளிய பூட்டக் கூடாதுன்னு எவன் சொன்னான்? இருபது நிமிஷம். சாவி என் இடுப்புல."

"தீப்பிடிச்சா?"

"மொதல்ல உன்னைத் திறந்து விட்டுட்டுத்தான் ஓடுவேன். போடி உள்ள."

பூட்டிக்கொண்டதும் முதலில் கண் வழக்கம்போலக் கதவுக்குப் போனது. காலடிகள் வந்தன, நின்றன, போயின. எதற்கும் கதவு திறக்கவில்லை. எட்டாவது நிமிஷத்தில் மார்பில் அந்தப் பழைய குறுகுறுப்பு வந்தது, பாட்டிலில் சொட்டிக்கொண்டிருந்தது பீய்ச்சத் தொடங்கியது.

எழுபத்தைந்து.

வெளியே வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"நூறு இல்லியே," என்றாள் நாத்தனார்.

"நேத்து நாப்பது, அண்ணி."

"நான் நூறுன்னு சொன்னேன்."

"இன்னும் சாயங்காலம் ஆகல."

மறுமுனையில் குழந்தையைத் தோளில் தட்டுகிற சத்தம். "உன்கூட மாரடிக்க என்னால ஆகாது. சாயங்காலம் கொண்டா பாப்போம்," என்று வைத்துவிட்டாள்.

அடுத்த தடவை மூன்று மணிக்குத்தான். ஒரு மணிக்குச் சாப்பாட்டு விசில் ஊதியதும் எல்லோரும் டிபன் டப்பாவோடு பின்கட்டுக்கு நடந்தார்கள். அவள் பம்ப் பையைத் தூக்கிக்கொண்டு விசில் அக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, பூட்டுங்க."

"சாப்பிடலியாடி?"

"உள்ள தின்னுக்கறேன். ஒரு கை சும்மாதானே இருக்கும்."

விசில் அக்கா தன் டிபன் டப்பாவை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். "மூணு மணிக்கும் வந்து நிப்பியா?"

"நிப்பேன்."

"நாளைக்கும்?"

அவள் பையோடு உள்ளே போனாள். அவள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. நாதாங்கி விழுந்தது. பூட்டு கடித்துக்கொண்டது.