தடித்த புத்தகம்

விலங்கியல் இரண்டாமாண்டில் இயற்பியல் துணைப்பாடம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கே எடுக்காத இவாஞ்சலினுக்கு அதை நினைத்தாலே பயம். விடுமுறையில் ஆரணி பழைய புத்தகக் கடையில் தடித்த இயற்பியல் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தாள். ஒரு மாதத்தில் மூன்று அத்தியாயம்தான் நகர்ந்தது. பாடத்தை மாற்றித் தரும்படி கேட்கக் கல்லூரிக்கே போனாள்.

இயற்பியல் பேராசிரியை சசிகலா புத்தகத்தைப் புரட்டினார். "இது என்ஜினீயரிங் பசங்க படிக்கிறதும்மா. உங்களுக்கு வேற. ரத்தம் எப்படி ஓடுது, கண்ணு எப்படிப் பாக்குது, அதுலருந்துதான் ஆரம்பிப்பேன்."

"ஒரு மாசமா இதப் பாத்து அழுதுகினு இருந்தேங்க மேடம்."

சசிகலா அவள் நோட்டை வாங்கிப் பார்த்தார். அடித்து அடித்துத் திருத்திய கணக்குகளில் பல சரியாக இருந்தன.

"இதெல்லாம் நீயா போட்ட? அப்புறம் எதுக்குப் பாடத்த மாத்தணும்?"

இவாஞ்சலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வகுப்பு என்றைக்குத் தொடங்கும் என்று கேட்டாள்.