வீட்டோடு ஓர் ஆள்

மாடிப்படியின் கைப்பிடியை நகுலேஸ்வரி மூன்றாவது தடவையாகத் துடைத்தாள். சீமான்கள் குடியிருக்கும் பெல்கிரேவியாவில் இருந்த அந்த ஐந்து மாடி வீட்டை வாங்குகிறவர்கள் கடைசியாக ஒருமுறை பார்க்க வருகிறார்கள். வீடு கைமாறினால் தன் வேலை என்னாகும் என்ற நினைப்பு ஒரு மாதமாக அவளை விடவில்லை. ஐம்பத்தொன்பது வயது, முழங்கால் நோவு. இந்தக் கோலத்தில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

வீட்டுக்காரி லேடி வினிஃப்ரெட் சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்து வெண்ணெய் தடவிய பாண் தின்றுகொண்டிருந்தார். அவருடைய பாட்டனார் காலத்தில் இங்கே பதினாலு வேலைக்காரர்களாம். பிறகு நிலம் போயிற்று, கூரை ஒழுகிற்று, ஓவியங்கள் ஒவ்வொன்றாகச் சுவரை விட்டு இறங்கின. மிஞ்சியது நகுலேஸ்வரி மட்டும்தான். ஹீட்டர் ஓடுவதும் சமையலறையில் மட்டும் என்பதால், சீமாட்டியும் வேலைக்காரியும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பருப்புக்கறி என்றால் கிழவிக்கு உயிர்.

வாங்க வந்தவள் முதலீட்டு நிறுவனம் நடத்தும் மேனுஷா. நாற்பது வயதுகூட இராது. வாசலில் நின்று போனில், "அம்மா, பிறகு எடுக்கிறன்" என்றாள். நகுலேஸ்வரிக்குக் காதை நம்ப முடியவில்லை. எங்கட பிள்ளை!

லேடி வினிஃப்ரெட் நகுலேஸ்வரியின் தோளில் கை வைத்து ஆங்கிலத்தில் சொன்னார்: "வீட்டோடு இவளையும் எடுத்துக்கொள். இவள் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது."

மேனுஷா சிரித்தாள். "அன்ரி, யாழ்ப்பாணத்தில எவடம்?"

"சுன்னாகம், பிள்ளை."

"அம்மாவும் அந்தப் பக்கம்தான். நீங்கள் எங்களோடயே நில்லுங்கோ. கொன்ட்ராக்ட் எல்லாம் ஒழுங்காத் தருவம்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நகுலேஸ்வரி அந்தப் பெண்ணின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு விஷயம், அன்ரி. வீட்டை அந்தக் காலத்தில இருந்த மாதிரியே திருத்தப் போறம். அதால நீங்கள் பேஸ்மென்ட் பக்கத்தால வாங்கோ, என்ன?"

"அதுக்கென்ன பிள்ளை, எனக்கு எந்தக் கதவெண்டாலும் சரி."

ஸ்கொட்லாந்தில் இருக்கும் மருமகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது கிழவி அழுதார். நகுலேஸ்வரியும் அழுதாள். ஆனால் அன்றைக்குத் தன் வீடு இருக்கும் கோலியர்ஸ் வுட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், நெடுநாளாக இல்லாத நித்திரை அவளை அள்ளிக்கொண்டது.

திருத்த வேலை நடந்த நாலு மாதமும் சம்பளம் தவறாமல் வந்தது. வேலை முடிந்த திங்கட்கிழமை, தெருவிலிருந்து கீழே இறங்கும் இரும்புப் படிகளில் கம்பியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கினாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. கதவுக்கு மேலே, அந்தக் காலத்தில் வேலைக்காரர்களைக் கூப்பிட்ட மாதிரியே, புதுப் பித்தளையில் வரிசையாக மணிகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் அறையின் பெயர். அவள் இன்னும் கோட்டைக் கழற்றவில்லை, வரவேற்பறை மணி அடித்தது.

"வாறன் பிள்ளை!" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மேல்மாடிக்கு அது கேட்கவில்லை. மணி மறுபடியும் அடித்தது.