கறுத்த நாடா

மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் அறையில் பத்தொன்பது வருடமாக நின்றே காலத்தை ஓட்டியவள் அவள். டாக்டரிலிருந்து துப்புரவுக்காரர் வரை எல்லோருக்கும் ‘ஆவியம்மா’. முழங்கால்கள் இரண்டும் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டன. ஆள் மட்டும் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

கருவிகளைத் துணியில் கட்டி, மேலே ஒரு நாடா ஒட்டுவார்கள். அதில் வெளிறிய கோடுகள் இருக்கும். இயந்திரத்துக்குள் சூடும் நீராவியும் சரியாக ஏறினால் கோடுகள் கறுக்கும். நாடா கறுத்திருந்தால் கட்டு சுத்தம், அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. உள்ளே வைத்தவர் நாடாவில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அறுவை முடிந்ததும் அந்த நாடாவை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டிவைப்பார்கள்.

பன்னிரண்டு நாளுக்கு முன்பு இயந்திரம் பாதியில் நின்றுபோனது. மறுபடி முதலிலிருந்து ஓட்ட நாற்பது நிமிடம் ஆகும். மேலே தபால்காரர் ஒருவரின் உடைந்த காலுக்குத் தகடு வைக்க டாக்டர் காத்திருந்தார். போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டாவது தடவை திட்டோடு வந்தது. காலையில் கீழே விழுந்து, திரும்பச் சுத்தம் செய்ய வந்த ஒரு கட்டு மேஜையில் கிடந்தது. அதன் நாடா நன்றாகக் கறுத்திருந்தது. ஆவியம்மா அதை நகத்தால் நெம்பி உரித்தாள், பாதி வெந்த கட்டின் மேல் ஒட்டினாள், மேலே அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாடாவில் யார் கையெழுத்து என்று அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒட்டியிருப்பாள், அவ்வளவு அலுப்பு.

கையெழுத்து அவளுடைய தம்பி மனைவியுடையது. அவளுக்கு அந்த அறையில் வேலை வாங்கிக் கொடுத்தவளும் ஆவியம்மாதான்.

தபால்காரரின் கால் சீழ் பிடித்தது. தகட்டை எடுத்து, புண்ணைக் கிளறி, மறுபடி தைத்தார்கள். கோப்பைப் புரட்டினார்கள். நாடா கறுத்திருந்தாலும், அதில் கையெழுத்திட்டவர்தான் பொறுப்பு. மேட்ரன் தம்பி மனைவியை அழைத்து, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விளக்கக் கடிதத்தோடு வரச்சொன்னார். வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ஆவியம்மா ஆண்டவரிடம் சொல்லாமல் இல்லை. தினமும் சொன்னாள். மிஷின் நின்னுபோச்சு ஆண்டவரே, டாக்டர் கத்தினார் ஆண்டவரே, சாத்தான் என்னைச் சோதிச்சுட்டான், மன்னிச்சிடும் ஆண்டவரே என்று ஒவ்வொருவராகச் சாட்சிக்கூண்டில் ஏற்றினாள். பாவம், சாத்தானுக்கு அந்த அறையில் அன்றைக்கு வேலையே இருக்கவில்லை. நாடாவை உரித்தது அவள் நகம். ஆண்டவரிடம் மட்டும் சொல்வதில் ஒரு சௌகரியமும் இருந்தது: அவர் மேட்ரனிடம் போய்ச் சொல்லமாட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனபோது அவளால் எழ முடியவில்லை. “முட்டி வலி” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணி. உடை மாற்றும் அறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே தம்பி மனைவி கடிதத்தை மடித்தும் பிரித்தும் கொண்டிருந்தாள்.

“அண்ணி, எவ்வளவு யோசிச்சும் பிடிபடல. அன்னிக்கு எல்லாம் சரியாத்தான் பண்ணேன். ஆனா என் கையெழுத்து இருக்கே. எங்கயோ அசந்துட்டேன் போல.”

“கடிதத்துல என்ன எழுதியிருக்க?”

“தப்பு என்னோடதுதான்னு எழுதிட்டேன். ஒரு மனுஷன் காலு இப்படி ஆயிடுச்சு, மிஷின் மேலயும் மத்தவங்க மேலயும் போட்டா நல்லாருக்குமா? நேத்து வார்டுக்குப் போய் அவர்கிட்ட மன்னிப்பும் கேட்டேன்.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க அண்ணி. ஆண்டவர் என்னை மன்னிக்கணும்னு கேளுங்க.”

ஆவியம்மா அவள் தலைமேல் கை வைத்தாள். “ஆண்டவரே” என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

“அந்த நாடாவை ஒட்டினது நான்.”

“என்ன அண்ணி?”

“நீ காலையில போட்ட கட்டுலேர்ந்து உரிச்சு, வேகாத கட்டு மேல ஒட்டி அனுப்பினேன். நீ எந்தத் தப்பும் பண்ணல.”

தம்பி மனைவி கடிதத்தை நான்காகக் கிழித்தாள்.

“பன்னெண்டு நாளா என் பக்கத்துல உக்காந்து, என் டப்பாவுல கைவிட்டு எடுத்துச் சாப்பிட்டீங்களே” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு மேட்ரன் முன்னால் உட்கார்ந்தது ஆவியம்மா. மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். அவருக்கும் அலுப்புதான்.

“பத்தொன்பது வருஷ சர்வீஸ் உங்களுக்கு. மிஷின் கோளாறுன்னு எழுதிக் கொடுங்க. மிஷின் நின்னது உண்மைதானே?”

“நின்னது உண்மைதான் மேடம். நின்ன மிஷின் நாடா ஒட்டாது.”

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். தபால்காரர் காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றும் இருந்தது.

“அப்ப நேத்து வந்து அழுத பொண்ணு?”

“அது என் தம்பி பொண்டாட்டி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஒனக்குன்னு ஒரு புள்ள இருந்தா அடுத்தவன் வலி தெரியும்னு அந்தப் பொண்ணைக் கேட்டுட்டேனே.”

ஆவியம்மாவின் தம்பிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. இதைக் கேட்டுவிட்டு வந்துதான் தம்பி மனைவி ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அதுவும் என்னாலதாங்க. அந்தப் பாவமும் என்னைத்தான் சேரும்.”

“அத நீங்க எடுத்துக்காதீங்க” என்றார் தபால்காரர். “உங்க மேல எனக்கு இருக்கற ஆத்திரம் வேற. அது சீக்கிரம் ஆறாது. ஆனா அதைச் சொன்னது என் வாய். நான்தான் மன்னிப்பு கேக்கணும். என்னால எழுந்து வர முடியாது. அந்தப் பொண்ணை ஒரு எட்டு வரச்சொல்லுங்க.”

லிஃப்ட் வரத் தாமதமானது. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் முனகியது. அடித்தளத்து அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி முதுகைக் காட்டியபடி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆவியம்மா வாசலிலேயே நின்றாள்.

“தபால்காரர் உன்னை ஒரு நிமிஷம் வரச்சொன்னார்மா. உன்கிட்ட மன்னிப்பு கேக்கணுமாம்.”

மடிப்பு நிற்கவில்லை. ஒரு துணி, இன்னொரு துணி. பிறகு அவள் திரும்பாமலே கேட்டாள்.

“நீங்க?”

ஒன்பது வருடமாகக் கேட்டுப் பழகிய ‘அண்ணி’ அந்தக் கேள்வியின் பின்னால் இல்லை. பன்னிரண்டு நாளாக ஆண்டவரிடம் கேட்ட மன்னிப்பை இவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஆவியம்மாவுக்கு உறைத்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.