மூக்குக்காரர் கழுவிய மடப்பள்ளி

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோவிலில், அமிர்தலிங்கம் மோந்து பார்த்து "போடு" என்று சொல்லாமல் அன்னதானச் சாம்பார் இலைக்கு வராது. அப்பேர்ப்பட்ட மூக்கு. ரப்பர் பால் ஸ்டோரில் வேலை பார்த்த காலத்தில், எந்த வாளியில் யார் தண்ணீர் கலந்தார்கள் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அவர் தும்மினால், ரயில் வருகிறதென்று பக்கத்து ஊரான ரெம்பாவில் ரயில்வே கேட்டை மூடிவிடுவார்கள். இதில் பொய் இல்லை; கேட்காரரே சொன்னது.

திருவிழா வாரத்தில் மடப்பள்ளித் தரை எண்ணெய்ப் பிசுக்காகக் கிடந்தது. தங்கை மயிலம்மாள் சவுக்காரமும் வெந்நீருமாக வந்தாள்.

"நீ போ புள்ள. என்கிட்ட ஸ்டோர் மருந்து இருக்கு."

மருந்து என்றது அமோனியா; ரப்பர் பால் உறைந்து போகாமலிருக்க ஊற்றுவது. ஸ்டோரை மூடியபோது ஒரு கலன் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதுவும் அழுக்கெடுக்கும், பிளீச்சும் அழுக்கெடுக்கும். இரண்டையும் கலந்தால் தரையில் முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம் என்பது அவர் கணக்கு. ஈரத்தில் கோழி மிதிக்கக் கூடாதென்று கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டார்.

ஊற்றியதும் கண் எரிந்தது. தொண்டையில் யாரோ மிளகாய் அரைத்தார்கள்.

"எரியுதுன்னா வேலை செய்யுது," என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நெஞ்சைப் பிடித்தது. எதிரே மூன்று கதவுகள் தெரிந்தன. நடுக்கதவை நம்பிக்கையோடு தேர்ந்தெடுத்து, சுவரில் முட்டி விழுந்தார்.

சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிய மயிலம்மாளுக்கு ஒரே மூச்சில் இருமல் பிய்த்தது. அவள் உள்ளே பாயவில்லை. பின்வாங்கி, மாங்காய் பறிக்கும் கொக்கிக் கழியை எடுத்து வந்து, மூச்சை அடக்கி வாசலிலிருந்தே நீட்டினாள். முதல் இழுப்பில் கைலி மட்டும் வந்தது. அடுத்த இழுப்பில் இடுப்புப் பச்சை பெல்ட் மாட்ட, அண்ணன் வெளியே வந்து விழுந்தார்.

"செத்துத் தொலைஞ்சிருப்பியே அண்ணே!"

"கைலியக் குடு மொதல்ல," என்றார் இருமலுக்கு நடுவே.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆக்சிஜன் வைத்தார். "அது ரெண்டையும் கலந்தா விஷப் புகை, அங்கிள். கதவ வேற சாத்திட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம்னா நுரையீரல் போயிருக்கும் லா."

நுரையீரல் தப்பியது. ஆனால் வீடு திரும்பிய நாளில் காப்பி மணக்கவில்லை. கருவாடு மணக்கவில்லை. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

திருவிழா அன்று இலை போட்டாயிற்று, ஊரே காத்திருந்தது. மடப்பள்ளிக்குள் மயிலம்மாள் ஆவி பறக்கும் சட்டியொன்றை, மூடியைப் பாதி விலக்கி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அமிர்தலிங்கம் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். ஒன்றுமில்லை. வெறும் சூடு.

"பெருங்காயம் கம்மி. மத்தபடி பிரமாதம். போடு!"

மயிலம்மாள் அவர் காதருகே குனிந்தாள். "இது வெந்நி அண்ணே. சாம்பார் அடுப்புல இருக்கு."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

"வெந்நின்னு தெரியும் புள்ள. அதுல பெருங்காயம் இருக்கா, நீயே சொல்லு?"

சொல்லிவிட்டு எழுந்து, ஏற்கெனவே திறந்திருந்த மடப்பள்ளி ஜன்னலை இன்னும் அகலத் தள்ளித் திறந்தார்.