நுரையும் மலையும்

தன் மகள் வீரம்மாவுக்கு ஹட்டன் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்த அன்றே சிவசாமி என்னை ‘ஐயா’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கராக நான் இருந்த ஃபெக்டரியில், கொழுந்து நசுக்கும் ரோலருக்குப் பக்கத்தில் நின்ற தொழிலாளி அவர். என் மகள் டோரீனும் அதே ஆய்வுகூடத்தில்தான். இருவரும் தற்காலிகம். நிரந்தர வேலை ஒருத்திக்குத்தான். அது அந்த வீட்டுக்குப் போனால் எங்கள் ஊர் கினிகத்தேனைக் கடைத்தெருவில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்?

மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்கள் சவுக்காரம்போல் நுரைக்கும் ஒன்றைச் சுரக்கும். அதைக் கலந்தால் பூச்சிமருந்து தேயிலையில் உருண்டு விழாமல் படரும். யாருடைய நுண்ணுயிர் அதிகம் சுரக்கிறதோ, அவளுக்கு வேலை. குடுவையைக் குலுக்கினால் வீரம்மாவுக்கு விரலளவு நுரை. டோரீனுக்குக் கழுத்துவரை. வீரம்மா நுண்ணுயிருக்குச் சீனி போட்டு வளர்த்தாள். சீனிக்குப் பதிலாகத் தேயிலைக் கொட்டையை இடித்துப் போடு என்று டோரீனுக்குச் சொன்னவன் நான்.

நுரையை மட்டும் நம்பக்கூடாது என்று, எண்பத்தைந்தில் திரவ நிறப்பகுப்புக் கருவி ஒன்றை வரவழைத்தார்கள். விளக்கேற்றி, பாற்சோறு வைத்து, இரண்டு குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள்.

“என்ன இக்னேசியஸ், ஒங்க மக குடுவையில பீர் காய்ச்சுறாளா?” என்றார் சிவசாமி.

“ஒங்க வீட்டுல அதுவும் பொங்கலையே,” என்றேன்.

ஊசியால் ஏற்றிய துளி, தூள் அடைத்த மெல்லிய இரும்புக் குழாய் வழியே போகும். அதிலுள்ளவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளிவரும்போது பேனை காகிதத்தில் மலை வரையும். மலை பெரிதென்றால் பொருள் அதிகம். வீரம்மாவின் துளிக்கு ஒரு மேடு எழும்பியது. டோரீனின் துளிக்குப் பேனை காகிதத்தின் விளிம்புவரை ஏறி இறங்கியது. நான் சிவசாமியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வுகூடத் தலைவர் கைகொடுக்க வந்தார். டோரீன் கையை நீட்டவில்லை.

“நுண்ணுயிர் போடாத குடுவையையும் ஏத்திப் பாத்துடுறேன் சேர்.”

“யாரு கேட்டா? வா, சோறு ஆறுது,” என்று அவள் காதில் சொன்னேன்.

“நேத்துத் தேயிலையப் பக்கத்துல வைக்காம இன்னைக்குத் தேயிலைய நீங்க ருசி பாத்திருக்கீங்களாப்பா?”

வெறும் கொட்டையும் தண்ணீரும் இருந்த குடுவையிலிருந்து ஒரு துளி. அதே இடத்தில், அதே உயரத்தில், அதே மலை. வீரம்மாவின் வெறும் சீனித் தண்ணீரையும் ஏற்றினாள். மேடு இருந்த இடத்தில் கோடு தட்டையாகப் போனது.

“ஊசி மாறியிருக்கும். யாரோ கை வச்சிருக்காங்க!” என்றேன். வீரம்மாவின் முகம் கறுத்தது.

“யாரும் கை வைக்கலப்பா. நுரை கொட்டையிலேயே இருந்திருக்கு. என்னோட நுண்ணுயிர் ஒண்ணும் சுரக்கல. வீரம்மாவோடதுதான் சுரந்திருக்கு,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள் டோரீன்.

வேலை வீரம்மாவுக்குப் போனது. பாற்சோற்றை நான் தொடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பெண்கள் இருவரும் முன்னால் சேர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்தார்கள். காலியாக இருந்தது சிவசாமிக்குப் பக்கத்து இடம் மட்டுமே. நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

“ஐயா, உக்காருங்க,” என்றார் அவர். “என் மகளா இருந்தா அந்த வெறும் குடுவையத் தொட்டிருக்க மாட்டா. அவளுக்கு வேலை கெடச்சும் எனக்கு வயிறு எரியுதுங்க.”

அவர் குரலில் கேலி இல்லை. வழியில் வட்டவளை ஊர் வரும்வரை நின்றேன். பிறகு உட்கார்ந்தேன், நடுவில் குடையை வைத்துக்கொண்டு.