விதவைகள் வரிசை

முன்னாள் படைவீரர்களுக்கான அந்த மருந்தகத்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஆண்களின் வரிசை வாசலைத் தாண்டி, வேப்பமரத்தைச் சுற்றி, சைக்கிள் நிறுத்தும் இடம் வரை போயிருந்தது. உள்ளே மின்விசிறிக்குக் கீழே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பக்கத்தில் தண்ணீர்க் குடம் வைத்து, சுவரில் கன்னடத்திலும் இந்தியிலும் ‘விதவைகள்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எந்தப் பெண் வந்தாலும் அங்கேதான் உட்காருவாள். அவளை அங்கே போகச் சொல்ல ஆள் தேவைப்பட்டதில்லை.

வினிதா மூன்றாவது நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். சேலைக்குள் இடுப்புப் பட்டை இறுக்கியது. பதினாறு வருடங்களுக்கு முன், லடாக்கில் ராணுவ நர்ஸாக இருந்தபோது, பனி உறைந்த படியில் ஸ்ட்ரெச்சரோடு விழுந்தாள். ஸ்ட்ரெச்சரில் இருந்த சிப்பாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் நொறுங்கின. லெப்டினென்டாக இருந்தவளை ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஊசி போடும் அறையில் வேலை. ஒன்பது வருடங்களாக முதுகு மாத்திரைகளை இந்த மருந்தகத்தில்தான் வாங்குகிறாள்.

இன்று மாத்திரைக்காக வரவில்லை. அவள் கணவன் சந்தோஷ்குமார் வெளியே பெஞ்சில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வலது பெருவிரல் கறுத்துவிட்டது. பாதம் சில்லிட்டுக் கிடந்தது. அவள் வேலை பார்க்கும் இடத்து டாக்டர் நேற்றுச் சொல்லியிருந்தார்: காலுக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு, மூன்று நாளுக்குள் திறந்துவிட்டால் ஒரு விரலோடு போகும், இல்லையென்றால் காலே போகும். திறக்கிற வசதி உள்ள பெரிய மருத்துவமனை இந்த மருந்தகத்தின் கடிதம் இருந்தால் பணம் கேட்காமல் இன்றே சேர்த்துக்கொள்ளும். அந்தக் கடிதம் வாங்கத்தான் வந்திருந்தாள்.

நான்காவது நாற்காலியில் இருந்த பொன்னம்மா எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தாள். குடகிலிருந்து மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருகிற சுபேதார் மனைவி.

"வெளியில கால் நீட்டிட்டு இருக்கிற ஆளு உங்ககூட வந்தவரா? பெஞ்சுக்கட்டை குதிகால்ல அழுத்துது. என் சால்வையை மடிச்சு அடியில வெச்சிருக்கேன்."

"உங்களுக்குக் குளுருமேங்க அக்கா."

"வெயில் வந்தாச்சு. போங்க, உங்களைத்தான் கூப்பிடறார்."

கவுண்டரில் கெம்பையன் இருந்தார். சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே தமிழ்ப் பையன்களோடு இருபது வருடம் இருந்ததில் தமிழ் பழகியவர். ஒப்பந்த வேலை. அந்த நான்கு நாற்காலிகளையும் தண்ணீர்க் குடத்தையும் வைத்தவர் அவர்தான். வருகிற பெண்களின் முகத்தை நேராகப் பார்க்க மாட்டார். காகிதத்தைப் பார்த்தே பேசுவார்.

"வாங்க தாயி. மாத்திரை எடுத்து வெச்சிருக்கேன்."

"மாத்திரை வேண்டாமுங்க ஐயா. இன்னிக்கு என்ற வீட்டுக்காரருக்கு ஒரு ரெஃபரல் வேணும். கால்ல அடைப்பு. டாக்டர் சீட்டு இந்தாங்க."

கெம்பையன் சீட்டை வாங்கிக்கொண்டார். பிறகு ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"யாருக்கு?"

"என்ற வீட்டுக்காரருக்கு. அதா, வெளியில இருக்காரு."

அவர் எட்டிப் பார்த்தார். சந்தோஷ்குமார் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று கையை உயர்த்தினான்.

"தாயி, நீங்க… மறுபடி கல்யாணம் ஆயித்தா?"

"மறுபடியா? எனக்கு ஒரே கல்யாணம்தானுங்க. கொள்ளேகால்ல நடந்துச்சு. இருபது வருசமாச்சு."

கெம்பையன் கணினிப் பக்கம் திரும்பி அவள் எண்ணைத் தட்டினார். திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

படைவீரர்: லெப்டினென்ட் பி. வினிதா. காலமானார். பயனாளி: வினிதா. உறவு: விதவை.

"உங்க டிஸ்சார்ஜ் புக்ல இருந்து நம்பர் மட்டும் அடிச்சேன்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "பேரு அதுவா வந்துது. உங்க ஆதார்ல இருந்து இன்னொரு பேரு அடிச்சேன். ரெண்டு இடத்திலயும் ஒரே பேரு. மெஷின் கேக்கலை. நானும் கேக்கலை. பொம்பளைங்க வந்தா விதவைன்னு அடிச்சே பழக்கம். அப்படி அடிச்சா படைவீரர் காலமானார்னு அதுவே போட்டுக்கும்."

"என்ற நெத்தியில பொட்டு இருக்குதுங்களே ஐயா. தாலி இருக்குது."

"பார்த்தேன் தாயி. பட்டாளத்து வீட்டுப் பொண்ணு, புருஷன் போனாலும் பொட்டை எடுக்கலை, நல்லதுன்னு நினைச்சேன். என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லியிருக்கேன்."

அவர் சட்டென்று நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கைகள் தாமாகவே தொடையோடு ஒட்டிக்கொண்டன.

"லெப்டினென்ட் மேடம். இவ்வளவு நாள் தெரியாம உட்கார்ந்துக்கிட்டே பேசியிருக்கேன்."

"உக்காருங்க ஐயா. மொதல்ல கடுதாசுக்கு வழி பாருங்க."

முதல் வருடம் அவர் நீட்டிய படிவத்தை அவள் படித்துத்தான் பார்த்தாள். ‘நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று உறுதி கூறுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. இது எனக்கு எதற்கு என்று கேட்டாள். "லேடீஸ் எல்லாருக்கும் இந்த ஃபாரம்தான் தாயி. நிஜம்தானே, இன்னொரு கல்யாணம் ஆகலியே?" என்றார். ஆகவில்லை. கையெழுத்துப் போட்டாள். அன்று வீட்டில் இதைச் சொன்னபோது சந்தோஷ்குமார் சோற்றில் கை வைத்தபடியே சிரித்தான். "பண்ணிக்க புள்ள. வேன் கழுவ ஒரு ஆளு கெடைக்கும்." அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் படிக்காமலே போட்டாள். வேறு படிவம் கேட்க வேண்டுமென்றால் ஆண்கள் வரிசையில் நிற்க வேண்டும். அவள் முதுகு அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க விடாது.

கெம்பையன் அவளை உள்ளறைக்கு அழைத்துப்போனார். மருந்தகப் பொறுப்பாளர் திருநாராயணன் ஓய்வு பெற்ற கர்னல். மேஜையில் தூசி இல்லை. சுவரில் மேல்கோட்டைப் பெருமாள் படத்துக்குப் புதுத் துளசி சாத்தியிருந்தது. அவளை உட்காரச் சொன்னார். காபி கொண்டுவரச் சொன்னார். கெம்பையன் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"தமிழா? எங்காத்துலயும் தமிழ்தான். நன்னா மனசு விட்டே பேசலாம்." டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்து, சீருடையில் இருந்த இருபத்தேழு வயது முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் பார்த்தார். "நீங்கதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

"அப்ப கடுதாசு குடுத்துருங்க சார். அவருக்கு மூணு நாள்தான் டைம். ஒரு நாள் போயிருச்சு."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. நீங்க லெப்டினென்ட் வினிதான்னா, அவாளோட விதவைன்னு வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டது யாரு? நீங்க விதவைன்னா, வெளியில உக்காந்திண்டிருக்கறவர் யாரு?"

வினிதா டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எப்படிப் பார்த்தாலும் பொய்க் கையெழுத்து. நான் இதை மேல எழுதின உடனே உங்க கார்டு முடங்கிடும். விசாரணை முடியற வரைக்கும் உங்க முதுகு மருந்தும் கெடையாது. எழுதலேன்னா, நீங்க எப்பவும்போல வந்து வாங்கிண்டு போகலாம். நான் இன்னிக்கு ஒண்ணும் கேக்கலை, நீங்க ஒண்ணும் சொல்லலை."

"அவரு காலுக்கு?"

"செத்துப்போன ஆபீசரோட விதவைக்கு ஆம்படையான்னு ஒரு கட்டம் கம்ப்யூட்டர்ல இல்லையேம்மா."

"எழுதினா எத்தன நாளாவும் சார்?"

"ரெக்கார்ட் ஆபீஸ்லேர்ந்து பதில் வரணும். நாப்பத்தஞ்சு நாள்னு விதி. முதல்ல நீங்க உயிரோட இருக்கறதுக்கு ஒரு சான்று வேணும்."

"நீங்களே ஆபீசர்தானுங்களே. நீங்களே எழுதிக் குடுக்கலாமல்ல?"

"குடுக்கலாம். ஆனா ரெக்கார்டுல உயிரோட இருக்கறவாளுக்குத்தான் நான் குடுக்க முடியும்." காபியை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆறிடப் போறது."

கெம்பையன் மேஜையோரத்திலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். நின்றபடியே கன்னடத்தில் எழுதினார். தப்பு முழுக்கத் தன்னுடையது, அந்தப் பெண்மணி ராணுவ அதிகாரி, உயிரோடு இருக்கிறார், அவர் கணவரும் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் நேரமும்கூடப் போட்டார்.

"யோசிச்சுக் குடுங்கோ கெம்பையன். உங்க ஒப்பந்தம் மார்ச்சோட முடியறது," என்றார் கர்னல், கோபமில்லாமல்.

"யோசிச்சா குடுக்க மாட்டேன் சார்."

வினிதா அந்தத் தாளை வாங்கித் தன் புத்தகத்தின்மேல் வைத்தாள்.

"எழுதுங்க சார். இதையும் சேத்து அனுப்புங்க."

அவர் கணினியில் தட்டினார். அவள் எழுந்து நிற்பதற்குள் அவளுடைய போனில் செய்தி வந்தது. அட்டை முடக்கப்பட்டது.

பெஞ்சில் சந்தோஷ்குமார் சால்வையின்மேல் காலை வைத்தபடி பொன்னம்மா கொடுத்த ஆரஞ்சைத் தின்றுகொண்டிருந்தான். வினிதா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

"அப்ப நான் யாரு புள்ள? செத்துப்போன லெப்டினென்டோட விதவைக்கு ரெண்டாந்தாரத்துப் புருசனா?"

"சும்மா இருங்க."

"அந்த லெப்டினென்ட் நல்லவதான். என்னை விட்டுட்டுப் போயிருக்க மாட்டா."

அவள் குனிந்து அவன் கணுக்காலுக்கு உட்புறம் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். நாடி கிடைக்கவில்லை. விரலை மாற்றி வைத்துப் பார்த்தாள்.

மறுநாள், சனிக்கிழமை, பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். வரவேற்பில் இருந்த பெண் கடிதத்தைக் கேட்டாள். இல்லையென்றால் கட்ட வேண்டிய முன்பணத்தைச் சொன்னாள். வேனை விற்றாலும் அதில் பாதிதான் தேறும். வேனை வாங்கிக்கொள்வதாகச் சொன்னவன் புதன்கிழமைதான் வருவேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது விரலும் கறுத்தது. திங்கட்கிழமை மருந்தகத்துக்குப் போன் செய்தபோது எடுத்தது வேறு குரல். கோப்பு அனுப்பியாகிவிட்டது, காத்திருங்கள் என்றது. கெம்பையன் எங்கே என்று கேட்டாள். அவர் வேலைக்கு வருவதில்லை என்றது.

செவ்வாய்க்கிழமை காலை காய்ச்சல் ஏறி அவன் பேச்சு குழறியது. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். இளம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அடைப்பு எடுக்கறதுக்கு இங்க வசதி இல்லைம்மா, இருந்தாலும் இனிமே பிரயோஜனம் இல்லை. விஷம் மேல ஏறுது. இன்னிக்கே முழங்காலுக்குக் கீழ காலை எடுத்தாகணும்," என்றார். "வெள்ளிக்கிழமை ஏன் எங்கயும் காட்டலை?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கெம்பையன் எப்படியோ கேள்விப்பட்டு வந்திருந்தார். கையில் ஒரு தூக்குப் பாத்திரம்.

"ராகி கஞ்சி மேடம். என் பொண்டாட்டி காய்ச்சினா. அவருக்கு இப்ப கூடாதுன்னா நீங்க குடிங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

"உங்க வேலை போயிருச்சுன்னாங்க ஐயா."

"வீட்ல மாடு இருக்கு. குடிங்க."

அவள் நின்றபடியே குடித்தாள். அவர் தூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு ஒரு நர்ஸ் சம்மதப் படிவத்தோடு வந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது.

"பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

"பொண்டாட்டி."

"இங்க மனைவின்னு எழுதி, கீழ சைன் பண்ணுங்க."

வினிதா பையிலிருந்து கல்யாணப் பதிவுச் சான்றையும் ஆதாரையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுத்து நீட்டினாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவற்றைக் கையோடு கொண்டுதான் திரிகிறாள்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்குக்கா? உள்ள வைங்க. இதுக்கு ப்ரூஃப் ஒண்ணும் வேண்டாம்."

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் தாளை மடித்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து ஊதா மார்க்கர் பேனாவை எடுத்தாள்.

"எந்தக் கால்னு குறி போடணும். வலிச்சா இழுத்துக்குவார். கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

வினிதா இடது கையால் குதிகாலைத் தாங்கி, வலது கையை முழங்காலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். சந்தோஷ்குமார் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். முழங்காலுக்குப் பின்னால், அவளுடைய விரல்களின்மேல் நாடி சீராக அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே அந்தப் பெண் அம்புக்குறி போட்டாள். முதல் தடவை மை சரியாகப் பிடிக்காததால், அதே இடத்தில் இன்னொரு தடவை அழுத்திப் போட்டாள்.